ஊசி பிடிக்கும் கை

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். குரல் தழுதழுத்தது. யாருக்கு என்ன நேர்ந்ததோ என்று நான் பதறிப் போனேன்.

"அம்மா, உங்கட மூத்த பேத்தி காது குத்துற வேலை பழகப் போறாளாம். பல்கலைக்கழகத்திலை படிச்சு முடிச்ச பிள்ளை! சனத்துக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"இவ்வளவுதானா?" என்று சொல்லி அவளைத் தேற்றினேனே தவிர, என் மனமும் அமைதி கொள்ளவில்லை. காதும் மூக்கும் மாத்திரமா? புருவம், உதடு, நாக்கு, தொப்புள் என்று உடம்பின் பல இடங்களிலும் துளையிட்டு அணி பூட்டுவதை இக்காலத்து இளையோர் பலர் விரும்புகின்றனர். அவர்களுக்குத் துளையிட்டுக் கொடுப்பதையே சீவனோபாயமாகக் கொண்டவர்கள் மேல்நாடுகளில் பலர் உளர். அந்தத் தொழிலைத்தான் என் பேத்தி தேர்ந்தெடுத்திருந்தாள். ஊரார் முன் சொல்ல வெட்கப்பட வேண்டிய தொழில்தானா அது? அன்றிரவு நித்திரையின்றிப் புரண்டபோது, எங்கள் ஊர்ப் பத்தர் ஒருவருடைய முகம் நினைவுக்கு வந்தது.

பத்தர் சொன்ன சொல்

அது 1964ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலே தைப்பூசம் என்றால் வீடுகளில் புதிர் எடுப்பார்கள். சிறுவர்க்கு ஏடு தொடக்குவார்கள். குழந்தைகளுக்குக் காது குத்துவார்கள். என் தங்கைக்கு அப்போது ஒன்பது மாதம். முற்றம் மெழுகி, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. தாய்மாமன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கிழக்கு நோக்கி அமர்ந்திருந்தார். தட்டத்திலே வெற்றிலை, பாக்கு, பழம், பத்தருக்குரிய தட்சணை.

பத்தர் வந்தார். கை கால் கழுவினார். குழந்தையின் காதுச் சோணையை இரு விரல்களாற் பற்றி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மற்றக் காதையும் அவ்வாறே பார்த்தார். பிறகு தம் புறங்கையைக் குழந்தையின் கழுத்தில் வைத்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இண்டைக்கு வேண்டாம் ஆச்சி. பிள்ளைக்கு உள்காய்ச்சல் காயுது."

என் பேத்தியாருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "தைப்பூசமும் நல்ல நேரமும் இனி அடுத்த வருசம்தான் வரும், பத்தர்!" என்றார்.

"நாள் திரும்ப வரும் ஆச்சி. காது திரும்ப வருமே?" என்று சொல்லிவிட்டு, தட்சணையைத் தொடாமலே எழுந்து போய்விட்டார் அந்த மனிதர்.

அன்றிரவே குழந்தைக்குக் காய்ச்சல் கடுமையாயிற்று. மூன்று வாரங்கழித்து, பஞ்சாங்கம் பார்த்து வேறொரு நாள் குறித்தோம். பத்தர் மீண்டும் வந்தார். மையினால் இரு புள்ளிகள் இட்டார். எட்டி நின்று, இரண்டும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று பார்த்து, ஒன்றை அழித்து மறுபடியும் இட்டார். கூராகத் தீட்டிய பொற்கம்பி, விளக்குச் சுடரிற் காட்டப்பெற்று, கண்மூடித் திறக்குமுன் சோணையைக் கடந்தது. அதையே வளைத்து முறுக்கி வளையமாக்கி விட்டார். அழுகுரல் எழுவதற்குள் ஒரு காது முடிந்துவிட்டது. புள்ளி இடுவதற்கு அவர் எடுத்த நேரத்திற் பத்தில் ஒரு பங்குகூடக் குத்துவதற்கு எடுக்கவில்லை.

பழைய நூல் கூறும் முறை

அந்தப் பத்தர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் செய்தது, வடமொழி வைத்திய நூலாகிய சுச்ருத சம்ஹிதையில் விரிவாகக் கூறப்பட்ட முறையே என்பதைப் பிற்காலத்தில் அறிந்து வியந்தேன்.

குழந்தையின் ஆறாம் அல்லது ஏழாம் மாதத்திலே காது குத்தலாம் என்கிறது அந்நூல். செவிலியின் மடியில் குழந்தையை இருத்தி, விளையாட்டுக் காட்டி, இடக்கையாற் காதை இழுத்துப் பிடிக்க வேண்டும். சூரிய ஒளி ஊடுருவித் தெரியும் மெல்லிய இடமே இயற்கை அமைத்த இடம். அதிலே வலக்கையால், மெதுவாகவும் நேராகவும் குத்த வேண்டும். மெல்லிய சோணைக்கு ஊசி, தடித்த சோணைக்கு வேறு கருவி. ஆண் குழந்தைக்கு முதலில் வலக் காது, பெண் குழந்தைக்கு முதலில் இடக் காது. உரிய இடத்திலே குத்தினால் நோவும் குருதியும் மிகா. அவை மிகுந்தால் இடம் தவறியது என்று அறிக. தவறான இடத்தில் நாளம் பட்டுவிட்டால் காய்ச்சலும் வீக்கமும் எரிவும் தோன்றும். குத்திய துளையிலே பஞ்சுத்திரி இட்டு எண்ணெய் தடவி, மூன்று நாளுக்கொருமுறை சற்றே பருத்த திரியாக மாற்றிவர வேண்டும். நம் வீடுகளில் வேப்பங்குச்சி செருகியதும், மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசியதும் இதன் வழிவந்தனவே போலும்.

இவ்வளவும் சொன்ன நூல், அறுந்துபோன சோணையை ஒட்டவைக்கும் முறைகள் பதினைந்தையும் சொல்கிறது. குத்துவோரிற் சிலர் பிழைவிடுவர் என்பது அக்காலத்திலேயே தெரிந்திருந்தது!

காது குத்தல் நமக்கு மாத்திரம் உரியதுமன்று. 1991ஆம் ஆண்டில், இத்தாலிக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடையிலுள்ள அல்ப்ஸ் மலைப் பனிக்கட்டியிலே ஒரு மனிதனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அம்மனிதனின் காதுச் சோணைகளும் துளையிட்டுப் பெருக்கப்பட்டிருந்தன.

நம் கோயில் வீதிகளில் வேறொரு வகைக் குத்துக் கலைஞரும் உளர். திருவிழாக் காலத்தில் காவடி எடுப்போருக்குச் செடில் குத்துபவர்களே அவர்கள். முதுகிலே தோலை மாத்திரம் திரட்டி எடுத்துத் தசையைத் தொடாமல் முள்ளைச் செலுத்துவதும், தூக்குக்காவடியிலே உடலின் பாரம் எல்லா முட்களிலும் சமமாகப் பகிரப்படும்படி கயிறுகளை அளவிடுவதும் விளையாட்டுக் காரியங்கள் அல்ல. ஒரு முள்ளுக்கு அதிக பாரம் விழுந்தால் தோல் கிழியும். நேர்த்திக்காரர் தம் உடலை அவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். அந்த நம்பிக்கைதான் இத்தொழிலின் முதல்.

துப்பாக்கி செய்த வினை

என் பேத்திக்கு இத்தொழிலில் நாட்டம் பிறந்த கதை இனிமையானதன்று.

அவளுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, தோழியரோடு சென்று, கடைத்தொகுதி ஒன்றிலே காதின் மேற்பகுதியில் துளையிட்டுக்கொண்டாள். நகைகளும் தலைமுடிப் பட்டிகளும் விற்கும் கடை அது. அங்கு நின்ற பெண், துப்பாக்கி போன்ற ஒரு கருவியைக் காதிலே பொருத்தி விசையை அழுத்தினாள். 'டக்' என்றொரு சத்தம். வேலை முடிந்துவிட்டது. ஐந்தாம் நாள் காது சிவந்து வீங்கியது. எட்டாம் நாள் சீழ் கட்டியது. ஆஸ்பத்திரியில் அறுத்துச் சீழ் எடுத்து, நாளத்தின் வழியே மருந்து ஏற்றிப் பத்து நாட்கள் வைத்திருந்தார்கள். உயிருக்கு ஆபத்து வரவில்லை. ஆனால் அந்தக் காதின் மேல்விளிம்பு இன்றும் வாடிய இலைபோல் மடிந்தே இருக்கிறது. எந்த வேளையிலும் கூந்தலை அப்பக்கம் இழுத்து விட்டுக்கொள்வாள்.

ஏன் இவ்வாறாயிற்று? வாசகர்கள், சிறப்பாக மாணவ மாணவியர், இதனைத் தெளிவாக அறிந்துகொள்ளல் நன்று.

காதுச் சோணை கொழுப்பும் மென்தசையும் சேர்ந்தது; குருதியோட்டம் நிறைந்தது. ஆகவே ஆறு முதல் எட்டுக் கிழமைகளிற் பெரும்பாலும் ஆறிவிடும். காதின் மேற்பகுதியோ குருத்தெலும்பால் ஆனது. குருத்தெலும்புக்குத் தனக்கென்று குருதி நாளங்கள் இல்லை. மேலே போர்த்துள்ள மெல்லிய உறையிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. அங்கே கிருமி புகுந்தால் உடலின் எதிர்ப்புச் சத்தியும் மருந்தும் எளிதிற் சென்று சேர்வதில்லை. உறை பிரிந்து சீழ் கட்டினால் குருத்தெலும்பு ஊட்டமின்றி அழியும். காதின் உருவம் குலையும். மேற்காதுத் துளை ஆற ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை செல்லக்கூடும்.

துப்பாக்கியோ கூரிய ஊசி கொண்டு வழி செய்வதில்லை. மழுங்கிய தோட்டின் தண்டை விசையினால் உள்ளே அறைகிறது. இழையங்கள் நசுங்குகின்றன. அதன் பிளாஸ்திக்குப் பாகங்கள் கிருமியழிக்கும் கடும் வெப்பத்தைத் தாங்கமாட்டா. ஆகவே பஞ்சினால் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் பயன்படுத்தும் வழக்கம் ஏற்பட்டது. 2000ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில், ஒரே கடையில் மேற்காது குத்திக்கொண்டவர்களுள் ஏழு பேருக்குச் 'சூடோமோனாசு' என்னும் பற்றீரியாவினால் கடுந்தொற்று ஏற்பட்டமை ஆய்வில் உறுதிப்பட்டது. கிருமியை அழிப்பதற்கென்று தெளித்த மருந்துப் புட்டியினுள்ளேயே அக்கிருமி குடியிருந்தது என்பதுதான் விந்தை! சுத்தம் என்று நாம் எண்ணுவது வேறு, கிருமி நீக்கம் என்பது வேறு.

அவள் கற்ற கல்வி

காயம் ஆறிய பின், தன் காதுக்கு என்ன நேர்ந்தது என்று ஆராயத் தொடங்கிய பேத்தி, அதை முறையாகச் செய்வோரும் உளர் என்பதைக் கண்டாள். மேல்நாட்டில் இது தனித்தொழிலாக உருப்பெற்றது அண்மையிலேதான். கலிபோர்னியாவில் ஜிம் வார்ட் என்பவர் 1975இல் தம் வீட்டிலிருந்து இத்தொழிலை ஆரம்பித்து, 1978இல் அதற்கெனவே கடை திறந்தார். 1994இல் அமெரிக்காவிலே இத்தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, சுகாதார விதிகளைத் தாமே வகுத்துக்கொண்டனர். ஒன்ராறியோ மாகாணத்திற் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இத்தகைய நிலையங்களுக்குச் சென்று சோதனை செய்கின்றனர்.

பேத்தி ஒரு மூத்த தொழிலாளியிடம் மாணவியாகச் சேர்ந்தாள். முதல் ஆறு மாதமும் ஊசியைத் தொட அனுமதி இல்லை. கை கழுவக் கற்றாள், தரை துடைத்தாள், கருவிகளைக் கழுவி, உறையிலிட்டு, 'ஓட்டோகிளேவ்' எனப்படும் நீராவி அழுத்தக் கலத்தில் வைத்தாள். கொதிநீரைக் கடந்து, 121 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீராவியில், குறித்த நேரம் முழுவதும் இருந்தாலே கிருமிகளின் வித்துகளும் அழியும். கலம் சரியாக வேலை செய்கிறதா என்பதை அறிய, உயிருள்ள வித்துகளை உள்ளே வைத்து, அவை இறந்தனவா என்று சோதிக்கவும் வேண்டும். ஈரல் அழற்சியை உண்டாக்கும் 'பி' வைரசு, உடலுக்கு வெளியே உலர்ந்த குருதித் துளியிலும் ஏழு நாள் வரை உயிர்த்திருக்க வல்லது. ஒரு சிறு கவனயீனம் ஒருவருடைய ஈரலையே கெடுத்துவிடும். இத்தொழிலாளரும் தம்மைக் காத்துக்கொள்ள அந்நோய்க்குத் தடுப்பூசி ஏற்றிக்கொள்கின்றனர்.

பிறகு உடற்கூற்றுப் படிப்பு. நாக்கின் கீழே நாளங்கள் எங்கே ஓடுகின்றன, மூக்கில் எவ்விடம் மெல்லியது, எவருடைய தொப்புள் அமைப்பு அணிக்கு இடங்கொடாது என்றெல்லாம் கற்றாள். அதன் பின் சிலிக்கனால் ஆன போலிக் காதுகளில் நூற்றுக்கணக்கான துளைகள். உயிருள்ள மனிதரின் காதிலே அவள் முதன்முதல் ஊசி செலுத்தியது, பயிற்சி தொடங்கி ஒன்பதாம் மாதத்தில். "அண்டைக்கு எனக்குத்தான் அம்மம்மா கூட நொந்தது" என்று எழுதியிருந்தாள்.

கடையிற் கழித்த ஒரு பிற்பகல்

கடந்த கோடையில் நான் ரொறன்ரோவுக்குச் சென்றிருந்தேன். மகள் வேண்டாமென்று தடுத்தும் கேளாமல், பேத்தி வேலை செய்யும் இடத்தைப் பார்க்கச் சென்றேன். இருள் சூழ்ந்த ஒரு குகையை எதிர்பார்த்துப் போன நான், பல் வைத்தியரின் அறைபோன்ற வெளிச்சமான இடத்தைக் கண்டேன்.

வந்தவரிடம் அவள் முதலிற் கேள்விகள் கேட்டாள். வயது என்ன? நீரிழிவு உண்டா? குருதி உறையாதிருக்க மருந்து எடுக்கிறீரா? எந்த உலோகமாவது ஒத்துக்கொள்வதில்லையா? சாப்பிட்டு வந்தீரா? பசியோடும் பயத்தோடும் வருவோர் மயங்கி விழுவதுண்டாம். ஆகையால் படுக்கவைத்தே குத்துகிறாள். பிறகு கை கழுவி, கையுறை அணிந்து, தோலைத் துடைத்து, புள்ளி இட்டு, கண்ணாடியைக் கொடுத்து, "சரிதானா?" என்று கேட்கிறாள். ஒருவருக்கு மூன்று முறை புள்ளியை அழித்து இட்டாள். ஊசியை அவர் கண்முன்னே உறை பிரித்து எடுத்தாள். ஒரு துளைக்கு ஓர் ஊசி. பயன்பட்டதும் அது கடினமான பெட்டிக்குள் போய்விடும். மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடச் சொன்னாள். விடும் மூச்சோடு ஊசி கடந்தது. அதன் பின்னாலேயே அணியும் சென்று அமர்ந்தது.

நாலு மணியளவில், பதினாறு பதினேழு வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பெண் ஒருத்தி தாயாருடன் வந்தாள். மேற்காதில் இரண்டு துளைகள் வேண்டுமாம். தாயாரும் சம்மதித்துக் கையொப்பமிடத் தயார். பேத்தி அப்பெண்ணின் தோளைக் கவனித்தாள். சிறுவயதில் தடுப்பூசி ஏற்றிய இடத்திலே தழும்பு, அளவை மீறித் தடித்து, மினுங்கிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, உமக்கு நான் குத்தமாட்டன். இப்பிடித் தடிக்கிற தோல் காதிலையும் தடிக்கும். வெட்டி எடுத்தாலும் திரும்ப வளரும். முதலிலை தோல் வைத்தியரிட்டைக் காட்டுங்கோ" என்றாள்.

பெண் முகம் சுளித்தாள். தாயார், "வேறை கடையிலை குத்துவினம்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். அன்றைய வருமானத்தில் நல்லதொரு பகுதி கதவைத் திறந்து வெளியே போயிற்று. பேத்தி ஒன்றும் பேசாமல், விரித்த துணியை மடித்து வைத்தாள். அப்போது கூந்தல் விலகி அந்த மடிந்த காது தெரிந்தது. கடையில் நிற்கும்போது அதை அவள் மறைப்பதில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

எனக்கு எங்கள் பத்தரின் நினைவு வந்தது.

இத்தகைய தழும்புத் தடிப்பு, நம்மைப் போன்ற கருநிறத்தாருக்குச் சற்று அதிகமாகவே ஏற்படுகிறது. 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 11 வயதுக்குப் பின் காது குத்தியோரிடத்து இது மிகுதியாகக் காணப்பட்டதெனக் கூறுகிறது. குழந்தைப் பருவத்திலேயே சோணையைக் குத்தி முடித்த நம் முன்னோர் வழக்கில் இந்த நன்மையும் அடங்கியிருக்கிறது.

தாய்மாருக்குச் சில வார்த்தைகள்

குழந்தைக்குக் காது குத்துவது நம் மரபு. அதை விட வேண்டியதில்லை. குத்துபவர் பத்தராயினும், வைத்தியராயினும், கடை வைத்திருப்பவராயினும் சிலவற்றை நாம் கேட்டறிய உரிமையுண்டு. முதலாவது தடுப்பூசிகள் முடியும்வரை பொறுத்திருங்கள். காய்ச்சல், தடிமன் உள்ள நாளில் முகூர்த்தம் தவறினாலும் தள்ளிவையுங்கள். ஊசியோ கம்பியோ உங்கள் கண்முன்னே புதிய உறையிலிருந்து எடுக்கப்பட வேண்டும்; விளக்குச் சுடரிற் காட்டுவது இக்காலத்துக்குப் போதாது. துப்பாக்கியை மேற்காதுக்கும் மூக்குக்கும் ஒருபோதும் அனுமதியாதீர்கள்.

அணி விலைமலிவான கலப்பு உலோகமாக இருத்தலாகாது. நிக்கல் கலந்தவை பலருக்குச் சொறியை உண்டாக்கும். புதிய துளையில் இடும் அணியிலிருந்து கசியும் நிக்கலுக்கு ஐரோப்பிய நாடுகள் சட்டத்தால் எல்லை வகுத்துள்ளன. நல்ல தங்கமோ உடலில் பொருத்துதற்குரிய டைட்டேனியமோ உகந்தது. ஆறும்வரை வளையத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பது புண்ணைக் கிளறுவதாகும். கிருமி நீக்கிய உப்புநீரால் கழுவி, ஈரமின்றி ஒற்றிவிட்டால் போதும். எண்ணெயும் மஞ்சளும் புண் ஆறிய பின் ஆகட்டும். சிவந்து, வீங்கி, சுட்டால் வைத்தியரிடம் செல்லத் தாமதியாதீர்கள். மேற்காதாயின் அன்றைக்கே செல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குத்துபவர் ஒருநாள் "வேண்டாம்" என்று சொன்னால் அவரைக் கோபியாதீர்கள். அவரே நம்பத்தக்கவர்.

நான் ஊர் திரும்புவதற்கு முதல்நாள், உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். "மூத்தவள் என்ன வேலை செய்யிறாள்?" என்று வழமைபோல் விசாரித்தார். நான் என் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் தேநீர்க் கோப்பையை அவர் கையிற் கொடுத்தபடியே சொன்னாள்:

"எங்கட ஊரிலை பத்தர் செய்த வேலைதான். உங்கட பேரப்பிள்ளைக்கும் காது குத்திறதெண்டால், அவளிட்டைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."